ஓஸ் இழுக்கிறவள்

மல்லிகைத் தோட்டத்துக்குள் ஒருத்தன் மருந்தடித்துக்கொண்டு போகிறான் என்றால், அவனுக்குப் பின்னால் குனிந்து வருகிற ஆள் யாரென்று நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா?

பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் போகிறவன்தான் தெரிவான். தலையில் ஈரத்துண்டு, கையில் மருந்து பீச்சுகிற கன், கன் முனையில் வெள்ளைப் புகை. பின்னால் வருகிற பொம்பளை செடி உயரத்துக்கே குனிந்திருப்பாள். அவள் தோளில் மருந்து போகிற ரப்பர் ஓஸ் கிடக்கும். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மிஷின் ஓடும், டிரம்மில் மருந்து இருக்கும், அங்கிருந்து தோட்டத்தின் கடைசி வரப்பு வரைக்கும் அந்த ஓஸ்தான் போக வேண்டும். தரையில் விட்டு இழுத்தால் செடி ஒடியும், மொட்டு உதிரும். தோட்டக்காரன் வாயில் வந்ததெல்லாம் பேசுவான். அதனால் ஓஸைத் தூக்கித் தோளில் போட்டு, அவன் போகப் போக விட்டுக்கொடுத்து, அவன் திரும்பத் திரும்பச் சுருட்டி வாங்க வேண்டும். அவன் இரண்டு பக்கமும் அடித்துவிட்டுப் போன நடுச் சந்தில்தான் இவள் நடக்க வேண்டும். செடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஓஸில் ஒட்டுப் போட்ட இடங்களில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டியிருப்பார்கள். அங்கே கசியும். கசிந்தது தோள் வழியாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போகும்.

நிலக்கோட்டைக்குக் கிழக்கே செங்கரட்டுப்பட்டியில் அப்படி மருந்தடிக்கிற ஆள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஓஸ் இழுத்தது அவரவர் பொண்டாட்டிதான். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டாது. டிரம்மில் மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்குவதும் அவர்கள்தான். குச்சி கிடைக்காத அன்றைக்குக் கை.

ஆனால் அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது. காரணம், பூ. மருந்துக் கை பட்டால் மொட்டு கருகிப்போகும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. விடியுமுன் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பறிப்பு ஆள் சேர்க்கிறவள் கௌசல்யா. மருந்துக் கைக்காரி என்று ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவள் பேரைக் கௌசல்யா கூப்பிட மாட்டாள். அதனால் ஓஸ் இழுத்த பொம்பளைகள் புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுநாள் பூப்பறிக்க வந்து நிற்பார்கள். கௌசல்யாவும் அப்படித்தான். அவள் புருஷன் ஒச்சப்பனுக்கு ஓஸ் இழுக்கிறவள் அவளேதான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சொன்னால்தான் குற்றம்.

இந்த லட்சணத்தில்தான் ஆடிக் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து ரத்தம் எடுக்கிற வேன் வந்து நின்றது.

செண்டு கம்பெனிக்காரன் அனுப்பிய வேன். மார்க்கெட்டில் பூ விலை விழுந்து கிடக்கிற நாளில் மூட்டை மூட்டையாக வாங்கிக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறவன் அவன்தான். அந்த எண்ணெயை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் அவனிடம், மருந்தடிக்கிற ஆளுக்கெல்லாம் ரத்தம் சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டானாம். உடம்பில் மருந்து ஏறியிருக்கிற ஆள் அடித்த தோட்டத்தில் பூ எடுக்க மாட்டேன் என்று இவன் சொல்லிவிட்டான். ஊருக்குள் வந்த வேனைப் பார்த்த பார்வையில் ஒருத்தர் முகத்திலும் ஈரமில்லை. "நம்ம ரத்தத்த உறிஞ்சுறதுக்கு இப்ப வேன்லயே வாரானுக" என்றான் ஒச்சப்பன்.

வந்தவள் ஃபர்ஹீன் என்ற பெண். திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. பால் சொசைட்டி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஆறு ஆம்பளைகளுக்கும் குத்தினாள். அப்புறம் அவர்கள் பொண்டாட்டிமாரைக் கூப்பிட்டாள்.

"எங்களுக்கு எதுக்கு நர்சம்மா?" என்றாள் கௌசல்யா.

"நான் நர்ஸ் இல்லக்கா, லேப்பு."

"எதுவோ ஒண்ணு. குத்துறது ஊசிதானே."

"ஒங்க வீட்டுக்காரங்க வருசம் பூரா அடிக்கிறாங்க. மருந்து படாத நாள்னு ஒண்ணு இருந்தா அன்னைக்கு எடுத்து வச்சு, அப்புறம் எடுத்ததோட சேத்துப் பாக்கலாம். இங்கதான் அப்பிடி ஒரு நாளே இல்லையே. அதனால வீட்டுல மருந்து தொடாத ஆளு ரத்தம் ஒண்ணு வேணும். ஒரே சோறு, ஒரே தண்ணி. மருந்து மட்டுந்தான் வித்தியாசம். மருந்து ஏற ஏற ரத்தத்துல ஒரு சத்து எறங்கும். பக்கத்துல வச்சுப் பாத்தா அவருக்கு அது எம்புட்டு எறங்கியிருக்குன்னு தெரிஞ்சிரும். ரொம்ப எறங்கியிருந்தா சிவப்புச் சீட்டு, மருந்தடிக்கக் கூடாது, இல்லேன்னா பச்சை."

வினோலியாவின் முறை வந்தது. அவள் டோனியின் பொண்டாட்டி. பதினைந்து வருஷமாக அவன் பின்னால் ஓஸ் இழுக்கிறவள். அவளுக்குப் பின்னால் கௌசல்யா நின்றாள். கழுத்தில் கௌசல்யாவின் மூச்சுப் படுகிற நெருக்கம்.

"நீங்க மருந்தடிப்பீங்களாக்கா?"

"அது ஆம்பள வேல."

"கலக்குறது, ஊத்துறது, கூடமாட ஒத்தாசை?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதுவும் தொட மாட்டீங்களா?"

"இல்லங்கிறேன்ல. எத்தன தடவ கேப்ப?"

ஃபர்ஹீன் குத்தினாள். பின்னால் நின்ற மூச்சு விலகியது.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தம் நெருங்க நெருங்க மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தது. டோனியைக் கையில் பிடிக்க முடியவில்லை. இந்தத் தோட்டம் முடித்தால் அந்தத் தோட்டம். ஒரு நாள் சாயங்காலம் முத்துச்சாமி தோட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று செத்துக் கிடந்தது. சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்து நின்றதே ஒழிய இறங்கவில்லை. அடித்த புகை எங்கும் போகாமல் இடுப்பு உயரத்திலேயே தொங்கியது. டோனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நிப்பாட்டுங்க, செத்த நேரம் ஒக்காந்துட்டு அடிக்கலாம்" என்றாள் வினோலியா.

"நீ ஓஸ ஒழுங்காப் பிடி."

நாலு எட்டு வைத்தான். கன் கையிலிருந்து நழுவியது. அது தரையில் கிடந்து பாம்பு மாதிரி துள்ளி அவள் முகத்திலேயே பீச்சியது. அவள் முகத்தைத் துடைக்கவில்லை. ஓடிப்போய் மிஷினை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் டோனி பாத்திக்குள் குப்புறக் கிடக்கிறான். வாயோரம் எச்சில் நூல் நூலாக வழிகிறது. கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்து தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

மோட்டார் ரூம் நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த முத்துச்சாமி எழுந்து வந்தார்.

"என்னலே டோனி, தண்ணியப் போட்டுட்டு வந்தியா?"

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. காலைல குடிச்ச கூழோட நிக்கிறாரு."

"அப்பப் பித்தந்தான். ஒரு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு குடு. குடிச்சிட்டு அந்தக் கடைசி நாலு பாத்திய முடிச்சிட்டுப் போயிப் படுக்கச் சொல்லு."

"அவரால நிக்க முடியலண்ணே."

"புழுவுக்கு அது தெரியுமா? நீ படுத்துக்க அப்பு, நான் மொட்டத் தொடல, நாளைக்கு வான்னு அது சொல்லுமா?"

டோனி எழுந்து நின்றான். "முடிச்சிருறேண்ணே" என்றான். முடித்தும் கொடுத்தான். வினோலியா பின்னால் ஓஸைப் பிடித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்தாள். சட்டைக்குள் முதுகுச் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவன் பாயை நனைத்துவிட்டான். விடியக் காலையில் அவள் பேசாமல் பாயைக் கொண்டுபோய் அலசினாள். அலசி எடுத்துக்கொண்டு திரும்பினால் அவன் வாசலில் நிற்கிறான்.

"வெளிய எவகிட்டயாவது சொன்ன, கொன்னே போடுவேன்."

"யாருகிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"எதுக்கு? அதான் ரத்தம் குத்திக்கிட்டுப் போயிருக்காள்ல. இருந்தா அவ சொல்லுவா. சிவப்புன்னு வந்தா ஒக்காந்துக்கிறேன், போதுமா?"

அந்த ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். சிவப்பு என்று வந்துவிட்டால் தோட்டக்காரன் எவனும் அவனைக் கூப்பிட முடியாது. கன்னை அவன் கையிலிருந்து பிடுங்க அவளால் ஆகாது, அந்தச் சீட்டால் ஆகும். சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, என் புருஷனுக்குச் சிவப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பொம்பளை அந்த ஜில்லாவிலேயே அவளாகத்தான் இருப்பாள்.

வேன் மறுபடி வந்தது. பால் ஊற்ற வந்த கூட்டமும் சேர்ந்து சொசைட்டி வாசலில் நின்றது. ஃபர்ஹீன் பேர் பேராகக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தாள். ஒச்சப்பன், பச்சை. அடுத்தவன், பச்சை. அதற்கடுத்தவனும் பச்சை.

"டோனி. பச்சை. இவருக்கு வீட்டுக்காரம்மாவ விடவே நல்லா இருக்கு."

ஒச்சப்பன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அப்ப மருந்தடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது.

"ஏலே டோனி, இனிமே வினோலியாவுக்குக் காலைல காப்பித்தண்ணி குடுக்காத. டிரம்முல ஒரு டம்ளர் மோந்து குடு. தேறிருவா."

"நீ தோட்டத்துலயே குடியிருந்துக்க அப்பு. வீட்டுக்குப் போனாத்தான் சீக்கு."

டோனியும் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் வினோலியா பார்த்தாள். முத்துச்சாமி அவன் தோளைத் தட்டினார். "பச்சை. கேட்டுக்கிட்டேல்ல? நாளான்னைக்குக் காலைல பூப்பறிச்சு முடிஞ்சதும் மேக்காலத் தோட்டம். சொணங்கிறாத."

சீட்டு வாங்கப் போன வினோலியாவிடம் ஃபர்ஹீன் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அக்கா, ஒங்களுக்குத்தான் கம்மியா இருக்கு. சத்துக்குறைவா இருக்கும். முட்டை, கீரையெல்லாம் சாப்டுங்க."

வினோலியா படிக்காதவள்தான், ஆனால் இதற்குப் படிப்பு வேண்டாம். மருந்து தொடாத ரத்தம் என்று இவள் கொடுத்தது அவனைவிட மருந்து குடித்த ரத்தம். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் ரத்தம் நல்ல ரத்தமாகத்தான் தெரியும். அவள் சொன்ன பொய்தான் அவனுக்குப் பச்சைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது.

அன்று பொழுது சாய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய் வெஞ்சனம். சீட்டு வந்த சந்தோஷத்தில் டோனி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கும் அந்த வேன் வருதாம், ரெண்டாந்தரம் ரத்தம் எடுக்க. நான் போயிச் சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"நானும் ஓஸ் இழுக்கிறேன், கலக்குறேன்னு."

அவன் பிசைவதை நிறுத்தினான். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"அந்தப் பச்சை ஒங்களோடது இல்ல. நான் சொன்ன பொய்யால வந்தது."

"எதால வந்தா என்னடி? ஊருக்கு முன்னால சொல்லிட்டா. முடிஞ்சுபோச்சு."

"பாத்திக்குள்ள விழுந்து கிடந்தது யாரு? நானா?"

"பித்தம்னு அண்ணனே சொன்னாரு."

"அவரு டாக்டரா? அவருக்குப் புழு சாகணும். புழுவோட சேந்து நீங்க செத்தா, துட்டிக்கு ஒரு மாலையக் கொண்டாந்து போட்டுட்டுப் போவாரு. அதுவும் சொந்தத் தோட்டத்துப் பூவுல."

"வாய மூடு."

"மூடிக்கிட்டு இருந்துதான் இங்க வந்து நிக்கிது."

"நீ சொல்லிட்டு வா. வந்தா என்ன நடக்கும் தெரியுமா? ஒன்னையப் பூப்பறிக்க ஒருத்தி கூப்பிட மாட்டா. என்னைய ஒக்கார வச்சிருவாளுக. ஊர்ல ஒருத்தனுக்கும் சிவப்பு இல்ல, எனக்கு மட்டும் சிவப்பு. டோனி சீக்காளின்னு பேரு வந்துட்டா, அப்புறம் நல்லாயிட்டேன்னு சொன்னாலும் எவன் கூப்பிடுவான்? ரெண்டு பேரும் மாதா கோயில் வாசல்ல துண்ட விரிப்பமா?"

"உயிரோட இருந்தா விரிக்கலாம்."

அவன் அவளை முறைத்துக்கொண்டே சோற்றை அள்ளினான். விரல் கூடவில்லை. அள்ளிய சோறு வாய்க்குப் போகிற வழியிலேயே உதிர்ந்தது. மறுபடி அள்ளினான். மறுபடி உதிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததை அவனும் பார்த்துவிட்டான். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"போ! போயிச் சொல்லு! சொல்லிட்டு அப்பிடியே ஒன் ஆத்தா வீட்டுக்குப் போயிரு."

குழம்பு சுவரில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

மறுநாள் சொசைட்டி வாசலில் ஃபர்ஹீன் மேஜையைப் போட்டு உட்காருமுன்பே வினோலியா போய் நின்றாள். இரண்டாம் சுற்றுக்கு ரத்தம் கொடுக்க மற்ற ஐந்து வீட்டுப் பொம்பளைகளும் வந்திருந்தார்கள்.

"நர்சம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. அவரு அடிப்பாரு, நான் பின்னால ஓஸ் இழுப்பேன். மருந்து கலக்குறதும் நாந்தான். பதினஞ்சு வருசமா."

ஃபர்ஹீன் கையிலிருந்த ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு எத்தன தடவ கேட்டேன் ஒங்ககிட்ட?"

"கேட்ட."

"எரிச்சலாக் கேட்டீங்களே, எத்தன தடவ கேப்பன்னு. எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க, பொழுது போகாமயா? கையொப்பம் போட்டுக் குடுத்துட்டேன் அவரு அடிக்கலாம்னு. நேத்து அவரு செத்திருந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"நாந்தான்."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

வினோலியா பின்னால் திரும்பினாள். "இவுகளுக்குப் பயந்து."

"யாருக்குடி பயந்த?" கௌசல்யா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் பேர எதுக்குடி இழுக்கிற? மருந்துக் கைய வச்சுக்கிட்டா எங்க கூட வந்து பூப்பறிச்ச? அந்தப் பூவுலதான மாரியாத்தாளுக்கு மால கட்டுனோம்? ஒங்க மாதா சப்பரத்துக்கும் அதுதான போச்சு? ஏண்டி, ஒன் கை பட்டும் பூ கருகலையே, அது எந்த மாதா செஞ்ச புதும?"

"ஒங்க கை பட்டும் கருகலேல்ல மதினி. அதே மாதாதான்."

கௌசல்யாவுக்கு முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "நாக்கு அழுகிப்போகும்டி ஒனக்கு."

ஃபர்ஹீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற பொம்பளைகளைப் பார்த்தாள். மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா. ஒங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கம்மியா இருந்துச்சு. சோதிக்கிற கிட்டு கெட்டுப்போச்சுன்னு ஐஸ மாத்தி, திருப்பி வச்சுப் பாத்தேன். அப்பவும் கம்மி. கிராமத்துப் பொம்பளைங்க, சத்து இல்லன்னு நானா எழுதிட்டேன்." பேனாவை எடுத்தாள். "சரி. இப்பக் கேக்குறேன். ஓஸ் இழுக்கிறவங்க, மருந்து கலக்குறவங்க யாரெல்லாம்? சொல்லிருங்க. சொன்னா அந்த வீட்டு நம்பர அடிச்சிட்டு வேற ஆளு ரத்தத்தோட சேத்துப் பாக்கலாம். சொல்லலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டாளு தொடலன்னா பச்சைதான்."

வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருத்தியாகக் கை காட்டிக் கேட்டாள்.

"நீங்க?"

"இல்ல" என்றாள் கௌசல்யா.

"நீங்க?"

"எனக்குத் தோட்டம் எந்தப் பக்கம்னே தெரியாது."

"நீங்க?"

"இல்லம்மா."

"நீங்க?"

"புள்ள குட்டியப் பாக்கவே நேரம் இல்ல. இதுல ஓஸு ஒண்ணுதான் கொறச்சல்."

கடைசியில் நின்றவள் வியாகுலம்மாள். எல்லாரையும்விட வயசானவள். அவள் தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கை மஞ்சள் பாரித்து, நகமெல்லாம் வெடித்திருந்தது. கௌசல்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாகுலம்மாள் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எனக்கு மருந்து வாடையே ஆகாது தாயி" என்றாள்.

"பெரியம்மா!" என்றாள் வினோலியா.

"என்னைய எதுக்கு இழுக்கிற? ஒனக்குப் புருசன் வேணும்னா ஒன் புருசனப் பாரு. எனக்கு நாளைக்குச் சோறு வேணும்."

ஃபர்ஹீன் எழுந்தாள். "நான் கேட்டாச்சு. அவங்க சொல்லியாச்சு" என்றாள். கிட்டைச் சரிபார்ப்பதற்கு அவளும் தினம் தன் ரத்தத்தையே வைத்துப் பார்ப்பாளாம். டோனி ரத்தத்தில் வந்த நம்பரை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு எழுதினாள்.

"ரெண்டு பேரும் சிவப்பு. நான் வந்து மறுபடி பாக்குற வரைக்கும் தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போறீங்க."

"நானுமா?"

"நீங்கதான் மொதல்ல. அவருக்குப் பாதி இருக்கு. ஒங்களுக்கு அதுவும் இல்ல." அவள் குரலில் பரிதாபம் இல்லை, கோபம்தான் இருந்தது. "என்னைய எதுக்குப் பாக்குறீங்க? பொய் சொல்றப்ப யோசிச்சிருக்கணும்."

அதற்குள் யாரோ சொல்லி முத்துச்சாமி வண்டியில் வந்து இறங்கினார். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா வினோலியா, இந்தச் சத்தியத்த ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா ஒன் வாயில புழுவா வச்சிரும்? முகூர்த்தம் தலைக்கு மேல நிக்கிது. மொட்டுப் பூராம் புழு. இப்ப நான் எவனத் தேடுவேன்?" சீட்டைத் திருப்பி நீட்டிவிட்டு, டீக்கடை பெஞ்சில் இருந்த ஒச்சப்பனைப் பார்த்தார். "ஏலே ஒச்சப்பா, நீ பச்சைதான?"

"பச்சைதாண்ணே."

"ஒன் பொண்டாட்டி?"

"அவளுக்கென்ன? வீட்டுல இருக்கிறவ."

"அப்ப நாளைக்கு மேக்காலத் தோட்டத்துக்கு நீ வந்துரு."

ஒச்சப்பன் டீ கிளாஸை வைத்துவிட்டு வினோலியாவைப் பார்த்துச் சிரித்தான். "டோனிக்கு ரெஸ்ட்டு வாங்கிக் குடுத்திட்ட. நல்ல பொண்டாட்டி."

அவள் வீட்டுக்குப் போனாள். டோனிக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. அவன் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சீட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். அவன் கெண்டைக்கால் சதை மட்டும் துள்ளித் துள்ளி அடங்கியது. கன் இனி அவன் கையில் இல்லை. அது போதும் என்று நினைத்தாள். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தால் வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நாளைக்கு அந்தத் தோட்டத்தில் ஓஸ் யார் தோளில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கௌசல்யா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நின்றிருந்த இரண்டு பொம்பளைகள் வினோலியாவைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

"மதினி."

கௌசல்யா திரும்பவில்லை.

"என்னையக் கூப்பிட வேணாம், பூப்பறிக்க. அதுக்கு வரல. நாளைக்கு நீங்க மேக்காலத் தோட்டத்துக்குப் போகாதீக. எல்லாருக்கும் கம்மின்னுதான் அவ சொன்னா. ஒங்களுக்குந்தான்."

"எனக்கு எதுக்குடி கம்மியாகுது? நான் என்ன ஒன்னைய மாதிரியா? ஓஸையே நான் தொட்டதில்ல."

"இங்க நம்ம ரெண்டு பேருதான் மதினி இருக்கோம்."

"இருந்தா? ரெண்டு பேரு இருந்தா நான் ஒன்கிட்டச் சொல்லி அழணுமா? ஊருக்கு முன்னால என்னைய அம்மணமாக்கிட்டு இப்ப வந்து சேலை குடுக்கிறியா?" குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. "ஒனக்குச் சாவு பயம். அதான் ஒளறிட்ட. எனக்கு அந்தப் பயம் இல்ல."

வினோலியா அவள் முகத்தையே பார்த்தாள். "ஒங்களுக்கு இமை துடிக்கிது மதினி. இவருக்கும் மொதல்ல இப்பிடித்தான் துடிச்சுச்சு."

கௌசல்யா சட்டென்று கையால் கண்ணைப் பொத்தினாள். பொத்திய கைக்குக் கீழே கன்னமும் சேர்ந்து துடித்தது.

"இது எடது கண்ணு" என்றாள். "எடது கண்ணு துடிச்சாப் பொம்பளைக்கு நல்லது வரும். ஒன் பொறாமைக் கண்ண எடுத்துக்கிட்டுப் போ."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முதல் தடவை இடுப்பில் நிற்காமல் சரிந்தது. மறுபடி தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் விடியுமுன் கௌசல்யா தெருவில் நின்று பறிப்புக்குப் பேர் கூப்பிட்டாள். வினோலியா பேரைக் கூப்பிடவில்லை. முதல் பஸ்ஸில் வினோலியாவும் டோனியும் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் பூப்பறிப்பு முடிந்தது. அதற்கப்புறம் முத்துச்சாமியின் மேற்குத் தோட்டத்தில் ஒச்சப்பன் மருந்தடித்தான். கௌசல்யா ஓஸ் இழுத்தாள்.